ஒரு கிளாஸ் டீயும் ஒரு கிலோ இலையும்

அம்மா சிரித்த சிரிப்பிலிருந்துதான் இது ஆரம்பம். 2023 ஏப்ரலில் கோத்தகிரிப் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில் சிறு தேயிலை விவசாயிகளுக்கு ஒரு கூட்டம் போட்டிருந்தார்கள். லீவில் ஊருக்கு வந்திருந்த நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பேச வந்தவர் திரையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் உள்ள படத்தைப் போட்டு, "இப்படி எடுத்துக் கொடுங்க, விலை தானா வரும். கென்யாக்காரன் செய்யறான், நம்மால முடியாதா?" என்றார். பின்வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எங்கம்மா சிரிப்புதான் அதில் சத்தம் அதிகம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏனென்றால் அந்த ஆள் சொன்னதைத்தான் நான் பத்து வருடமாக அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்களுக்கு ஒரு ஏக்கர் சொச்சம் தோட்டம். தாத்தா 1974-ல் ஹட்டனிலிருந்து கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக வந்தவர். இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக ஆரம்பித்த அரசுத் தேயிலைத் தோட்டத்தில், அதாவது டான்டீயில், வேலை பார்த்தார். அடுத்தவன் தோட்டத்திலேயே மூன்று தலைமுறை கொழுந்து பறித்த குடும்பத்தில், சொந்தமாக ஒரு செடியாவது இருக்கவேண்டும் என்று அப்பாவுக்கு ஒரு வெறி. 1988-ல் அம்மாவின் தோட்டை விற்று, மீதிக்குக் கடன் வாங்கி, இந்த நிலத்தை வாங்கினார். அப்போது ரஷ்யாக்காரன் நீலகிரித் தூளை நல்லது கெட்டது பார்க்காமல் வாங்கிக்கொண்டிருந்த காலம். உருளைக்கிழங்கில் நூற்புழுவோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போன ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராகத் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது. தோட்டம் அம்மாவிடம். நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.

கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அது கட்டுப்படியாகுமா என்று கேட்பான். "சிறு விவசாயம் போட்டியில் நிற்காது, ஒரு ஏக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்யமுடியும், ஒன்று தரத்தை உயர்த்து, இல்லையென்றால் விற்றுவிடு" என்பதுதான் என் கட்சி. ரிசார்ட் கட்ட இடம் கேட்டு ஒரு புரோக்கர் மாதம் ஒருமுறை கூப்பிடுகிறார், அதுவும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கட்சி எதுவும் பேசமாட்டார். அவர் கணக்கே வேறு. எல்லாவற்றையும் இலையில்தான் எண்ணுவார். பஸ் டிக்கெட் இரண்டு கிலோ. கேஸ் சிலிண்டர் அப்போது எழுபத்தைந்து கிலோ. கூட்டம் முடிந்து வெளியே வந்து கடையில் டீ குடித்தோம், கிளாஸ் 15 ரூபாய். "ஒரு கிலோ இலை" என்று சொல்லிவிட்டுத்தான் உதட்டில் வைத்தார். ஒரு கிலோ பச்சை இலையைக் காயவைத்தால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தூள் வரும். அந்தத் தூளில் கடைக்காரர் கிட்டத்தட்ட நூறு கிளாஸ் போட்டுவிடுவார். பால், சர்க்கரை, கேஸ், வாடகை எல்லாம் அவருக்கும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நூறு கிளாஸ்.

அங்கேயே நின்று கேட்டேன், ஏன் சிரித்தாய் என்று. "தராசுக்குக் கண்ணு இருக்கா?" என்றார். அவ்வளவுதான். கிளாஸைக் கழுவுகிற வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு மாதச் சோதனை

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மே மாதம் இலை நன்றாக வரும் சமயம். அந்த ஒரு மாதம் மட்டும் படத்தில் காட்டியபடி எடுத்துப் பார்ப்போம், நஷ்டம் வந்தால் நான் தருகிறேன் என்று அம்மாவை ஒப்புக்கொள்ள வைத்தேன். வாரக் கடைசியில் நானும் வந்து படங்குத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினேன். கையால் எடுப்பது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் கத்திரிதான். கத்திரியின் ஒரு பக்கம் பெட்டி மாதிரித் தகரமோ துணிப்பையோ கட்டியிருக்கும், மேலாக வெட்டிக்கொண்டே போனால் இளசு முற்றல் காம்பு எல்லாம் சேர்ந்து பையில் விழும். ஒரு ஆள் ஒரு நாளில் எழுபது எண்பது கிலோ எடுத்துவிடுவார். முற்றின இலையைக் கரட்டு இலை என்போம். கையால் கொழுந்து மட்டும் எடுத்தால் ஒரு ஆளுக்கு 22 கிலோ தேறினாலே பெரிய விஷயம். எனக்கு முதல் நாள் ஒன்பது கிலோ. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்துப்போய், இடுப்பு விட்டுப்போய், ராத்திரி எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

கத்திரி என்றால் பதினைந்து இருபது நாளுக்கு ஒரு முறை போதும், கைப்பறிப்புக்கு எட்டு ஒன்பது நாளில் மறுபடி அதே வரிசைக்கு வந்து நிற்க வேண்டும். ஒரு நாள் பிந்தினால் கொழுந்து கரட்டாகிவிடும். மழை வந்தாலும் எடுக்க வேண்டும். மழையில் எடுத்தால் ஈரத்துக்கு என்று எடையில் கழிப்பார்கள், எவ்வளவு கழிப்பது என்பது எங்களிடம் இலை வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்புகிற ஏஜென்ட் தம்பியின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதினேன். போன வருடம் இதே மே மாதம் கத்திரியில் 620 கிலோ போயிருந்தது. இந்த மாதம் கையில் 410. ஏஜென்ட் கொடுத்தது கிலோவுக்கு 15 ரூபாய், கொழுந்துக்கும் அதுதான், பக்கத்துத் தோட்டத்துக் கரட்டுக்கும் அதுதான். பழைய முறையில் 620 கிலோ எடுத்திருந்தால் 9,300 ரூபாய், அதில் கிலோவுக்கு 6 ரூபாய் எடுப்புக் கூலி 3,720 போக 5,580 நிற்கும். புது முறையில் வந்தது 6,150. கூலி ஆளுக்கு 450 வீதம் பத்து ஆள் கூலி 4,500 போக மிச்சம் 1,650. உரம், மருந்து, களை எதையும் இதில் சேர்க்கவில்லை, அது இரண்டுக்கும் பொது.

இதில் ஒரு வரி விட்டுவிட்டேன் என்று எழுதும்போதே தெரிந்தது. அம்மா எடுத்த ஒன்பது நாள். அதையும் 450 வீதம் போட்டால் 4,050. கணக்கு 2,400 ரூபாய் நஷ்டத்தில் போய் நின்றது. என் ஒன்பது கிலோவை நான் சேர்க்கவே இல்லை, அது தோட்டத்துக்கே அவமானம். சரி, அம்மா கூலியையும் கொடுத்து, பழைய 5,580-ம் கையில் நிற்கவேண்டுமென்றால் நல்ல கொழுந்துக்கு என்ன விலை வரவேண்டும் என்று திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 34 ரூபாய் 46 காசு. அந்த வருடம் செப்டம்பரில் கோத்தகிரியில் விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தபோது கேட்ட விலை 33 ரூபாய் சொச்சம். அவர்கள் கணக்கு உற்பத்திச் செலவும் அதில் பாதியும் சேர்த்துப் போட்டது, என் கணக்கு வேறு. தற்செயல்தான். ஆனாலும் அந்த எண்ணைப் பேப்பரில் பார்த்தபோது உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இலை எங்கே போகிறது

அந்த மே மாதத்தில் ஒரு நாள் இலை வண்டியிலேயே ஏறித் தொழிற்சாலைக்குப் போனேன். எந்தத் தொழிற்சாலை என்பது வேண்டாம், எல்லாம் ஒன்றுதான். வண்டியில் நாற்பது ஐம்பது சாக்கு, எங்கள் சாக்கு நாலு. அம்மா பச்சை நூலால் வாயைக் கட்டியிருந்ததால் அடையாளம் தெரிந்தது. சாக்கில் இலையை அமுக்கித் திணித்தால் உள்ளே வெந்து போகும், சிவந்துவிடும், அதனால் அம்மா பூ மாதிரித் தளர்த்தியாகப் போட்டிருந்தார். வேண்டுமென்றால் மூன்றிலேயே அடக்கியிருக்கலாம். மேலே இலை வாட்டும் தொட்டி, நீளமாக, கீழிருந்து காற்றடிக்கும். ஒரு பையன் சாக்குகளை வரிசையாக அவிழ்த்துக் கொட்டிக்கொண்டே வந்தான். முதலில் யாருடையதோ காம்பும் தடியுமாக ஒன்று. அதன்மேல் எங்களுடையது. நான் குனிந்து ஒரு கைப்பிடி எடுத்தேன். வெளிர்ப்பச்சையில், நுனியில் பூனைமயிர் மாதிரி வெள்ளை ரோமத்தோடு, எங்கள் கொழுந்துதான். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அதன்மேல் அடுத்த சாக்கைக் கொட்டிவிட்டான். இரண்டு கையாலும் அள்ளிப் புரட்டிப் பரப்பினான். அவன் வேலையைச் சுத்தமாகத்தான் செய்தான். பத்து விநாடி இருக்கும். அப்புறம் எங்கள் இலை என்று ஒன்று இல்லை.

பத்து வருடம் நான் பேசிய பேச்சு அந்தத் தொட்டியில்தான் முடிந்தது. கரட்டு இலை எடுப்பவன் சோம்பேறி, ஆசைக்காரன், தொழில் தெரியாதவன் என்று நினைத்திருந்தேன். எடைக்கு மட்டும் காசு கொடுக்கிற இடத்தில் எடையைக் கூட்டுகிறவன்தான் கணக்குத் தெரிந்தவன். எங்கம்மா தொழில் தெரியாமல் கத்திரி பிடிக்கவில்லை. தாத்தா காலத்தில் வேலையை மேற்பார்வை பார்க்கிற கங்காணி கூடைக்குள் கை விட்டுப் பார்ப்பார், முற்றல் இருந்தால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் கூலி, போச்சு. அந்தக் கைப்பழக்கம் அம்மாவிடம் அப்படியே இருக்கிறது. அதை வாங்கத்தான் ஆள் இல்லை.

தொழிற்சாலைக்காரரைக் குறை சொல்லலாம், நானும் இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மானேஜர் ஒருவரிடம் நேராகவே கேட்டேன். அவர் கேட்ட கேள்வி: "நான் மட்டும் கரட்டு வேண்டாம்னா, ஏஜென்ட் மொத்த வண்டியையும் அடுத்த பேக்டரிக்குத் திருப்பிடுவான். மிஷின் சும்மா நின்னா நீங்க வந்து கரன்ட் பில் கட்டுவீங்களா?" அதுவும் உண்மைதான். இலை குறைவாக வரும் மாதங்களில் யார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள், இலை குவியும் மாதங்களில் இன்றைக்கு இவ்வளவுதான் என்று கோட்டா போடுகிறார்கள். குன்னூர் ஏலத்தில் இந்தத் தூள் பெரும்பாலும் மலிவு பாக்கெட்டுக்கும் டீக்கடைக்கும் போகிற, இலையை மிஷினில் நசுக்கிக் குருணையாக்கும் சி.டி.சி. ரகம். கடைக்காரருக்கு வேண்டியது நிறமும் கடுப்பும், குறைந்த விலையும்.

அப்புறம் அந்த விலைப் பங்கீடு. தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிற குறைந்தபட்ச விலையைப் பெரும்பாலோர் ஏதோ மானியம் மாதிரி நினைக்கிறார்கள். அது ஒரு கழித்தல் கணக்கு. தூள் ஏலத்தில் சராசரியாக 100 ரூபாய்க்குப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 65 விவசாயிக்கு, 35 தொழிற்சாலைக்கு. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலேகால் கிலோ இலை வேண்டும். 65-ஐ அதால் வகுத்தால் 15, 16 ரூபாய். விகிதத்தில் நமக்குத்தான் பெரிய பங்கு, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த 100 மாவட்டத்துச் சராசரி. 80-க்கு விற்கும் தூளைச் செய்தவனும் 130-க்கு விற்கும் தூளைச் செய்தவனும் அளவுகோலாகப் பார்ப்பது ஒரே சராசரியை. நல்ல இலைக்கு என்று தனியாக ஒரு பச்சை நூல் அதில் எங்கேயும் இல்லை. 'நீலகிரி' என்ற பெயருக்கு 2008-ல் கிடைத்த புவிசார் குறியீடும் இலையை நசுக்காமல் உருட்டிச் செய்கிற ஆர்த்தடாக்ஸ் முறைத் தேயிலைக்குத்தான். எங்கள் இலை போகிற தூளுக்கு அந்த முத்திரை கிடையாது.

கென்யாக்காரன்

அந்தக் கூட்டத்தில் பேசியவர் கென்யாவை இழுத்ததால் அதையும் தேடிப் படித்தேன். அங்கேயும் ஆறு லட்சத்துக்கு மேல் சிறு விவசாயிகள், பலருக்கு எங்களைவிடச் சின்னத் தோட்டம். கையால்தான் எடுக்கிறார்கள். ஆனால் படத்தில் காட்டாத இரண்டு விஷயம் அங்கே இருக்கிறது. ஒன்று, இலை வாங்கும் இடத்தில் எடை போடுமுன் கொட்டிப் பரப்பிப் பார்க்கிறார்கள், கரட்டு இருந்தால் அங்கேயே பொறுக்கி எறியவேண்டும். தராசுக்கு முன்னால் ஒரு ஜோடிக் கண். இரண்டு, தொழிற்சாலை விவசாயிகளுடையது. 1964-ல் அரசு அமைப்பாக ஆரம்பித்து 2000-ல் விவசாயிகள் பங்குதாரர்களான கம்பெனியாக மாறிய ஏற்பாடு. மாதாமாதம் ஒரு தொகை, வருடக் கடைசியில் அந்தத் தொழிற்சாலை என்ன விலைக்கு விற்றதோ அதை வைத்து இரண்டாவது தொகை. நல்ல இலை போட்டால் அது நம் தொழிற்சாலை வழியாக நமக்கே திரும்பி வரும் என்று தெரிந்தால், இடுப்பு விட்டுப்போனாலும் ஆள் குனிவான்.

அங்கே பாலும் தேனும் ஓடுவதாக நான் சொல்லவில்லை. 2021-ல் மொம்பாசா ஏலத்தில் கிலோவுக்கு 2.43 டாலருக்குக் கீழே விற்கக்கூடாது என்று தரை விலை வைத்தார்கள். விற்காத தேயிலை கிடங்குகளில் குவிந்து, 2024-ல் அந்தத் தரை விலையை எடுத்துவிட்டார்கள். இதைப் படித்ததிலிருந்து 33 ரூபாய் கோரிக்கையிலும் எனக்கு ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. கேட்பது நியாயம், எங்கள் வீட்டுக் கணக்கே அதைச் சொல்கிறது. ஆனால் கரட்டுக்கும் 33, கொழுந்துக்கும் 33 என்றால் மறுபடியும் தொட்டியில் அதே கதைதான், விற்காமல் நிற்கும் மூட்டை வேறு. உண்ணாவிரதத்தில் உட்கார்ந்துவிட்டு வந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் இதைச் சொன்னேன். "தம்பி, மொதல்ல உசிரோட இருப்போம், அப்புறம் தரம் பேசுவோம்" என்றார். 1998-ல் 12, 13-க்குப் போன இலை இரண்டே வருடத்தில் 5 ரூபாய்க்கு விழுந்தபோது மகளின் படிப்பை நிறுத்தியவர் அவர். நான் வாயை மூடிக்கொண்டேன்.

நம்மிடம் அந்த மாதிரி அமைப்பே இல்லை என்றும் சொல்லமுடியாது. கூட்டுறவுத் தொழிற்சாலைகள் 1960-களிலிருந்து இருக்கின்றன, இன்கோசர்வ் என்ற கூட்டமைப்பின் கீழ் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள் உறுப்பினர்கள். பேப்பரில் பார்த்தால் நாங்களும் முதலாளிகள்தான். ஆனால் பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில் அட்வான்ஸ் கையில் கொடுக்கிற ஏஜென்ட்டுக்குத்தான் இலை போகும். முதலாளிக்கு அன்றைக்கு ஃபீஸ் கட்டவேண்டும்.

ஹட்டனில் இன்னும் இருக்கும் மாமாவிடம் கேட்டால் அவர் கதை வேறு. இலங்கைத் தேயிலையில் முக்கால் பங்கு சிறு தோட்டக்காரர்களுடையது, ஆனால் அவர்கள் பெரும்பாலும் தெற்கே தாழ்நாட்டுச் சிங்கள விவசாயிகள். மலையகத்தில் எங்கள் ஆட்கள் இன்னமும் எஸ்டேட் கூலிக்குத்தான் நிற்கிறார்கள். "ஒனக்குச் சொந்தமா ஒரு ஏக்கர் இருக்கே, அத வித்துராதடா" என்றார் மாமா. சொந்த நிலத்துக்காரனுக்கு மாதக்கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

போட்டியில் நிற்குமா நிற்காதா என்று நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு வந்தால், நின்று ஜெயித்தும் ஆகிவிட்டது. இந்தியத் தேயிலையில் பாதிக்கு மேல் இன்று சிறு தோட்டங்களிலிருந்துதான் வருகிறது. பெரிய எஸ்டேட் சட்டப்படி தொழிலாளர்களுக்கு லைன் வீடு, ஆஸ்பத்திரி, குழந்தைகள் காப்பகம் எல்லாம் கொடுக்கவேண்டும், எங்கம்மாவுக்கு அந்தச் செலவு இல்லை. அவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு என் சம்பளத்திலிருந்து போகிறது, வீடு அப்பா கட்டியது, கூலி பூஜ்யம். இந்த விலைக்கு உலகத்தில் யாரால் இலை தரமுடியும்? என் கணக்கில் 'அம்மா கூலி' என்று ஒரு வரி போட்டு அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இத எடுத்துரு, இத எழுதினா தோட்டம் நஷ்டம்னு காட்டுது" என்றார். எழுதாவிட்டால் நஷ்டமில்லையா என்று கேட்டேன். "எழுதாட்டி தோட்டம் நம்மளுது" என்றார்.

நான் அந்த வரியை எடுக்கவில்லை. புரோக்கருக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை. ஜூனிலேயே அம்மா கத்திரிக்குத் திரும்பிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை அதைச் சாக்கில் சுற்றி என்னிடம் கொடுத்து, சந்தைக்குப் போகும்போது சாணை பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். சாணைக்காரர் 60 ரூபாய் கேட்டார். எவ்வளவு ஆச்சு என்று வாசலிலேயே கேட்டார் அம்மா.

நாலு கிலோ என்றேன்.